அத்லான் 64 காலத்தில் டெல் ஏன் ஏஎம்டியைத் தொடவே இல்லை?

மலர்_கோவை

வணக்கம். எம்.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போட்டிச் சட்டம் பாடத்தின் செமினாருக்கு, கம்ப்யூட்டர் சிப் செய்யும் இன்டெல், ஏஎம்டி கம்பெனிகளின் வழக்கை எடுத்திருக்கிறேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் மட்டும் பிடிபடவே மாட்டேன் என்கிறது.

2003 ஏப்ரலில் ஏஎம்டியின் ஆப்டெரான் வந்தது, செப்டம்பரில் அத்லான் 64. இரண்டும் 64 பிட் சிப்கள், பழைய 32 பிட் புரோகிராம்களையும் அப்படியே ஓட்டுபவை. மறு ஆண்டு இன்டெல்லே அதே வழிக்கு வந்தது. பென்டியம் 4 சூட்டில் தவித்த நேரம் அது. 4 கிகாஹெர்ட்ஸ் திட்டத்தை 2004 அக்டோபரில் கைவிட்டார்கள். அப்படியிருந்தும் உலகத்தில் அதிகமாகக் கம்ப்யூட்டர் விற்றுக்கொண்டிருந்த டெல், 2006 வரை ஏஎம்டி போட்ட ஒரு மாடல்கூடக் கொண்டுவரவில்லை. எங்கள் வீட்டில் அண்ணன் அசெம்பிள் செய்து வைத்திருந்தது ஏஎம்டிதான், நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் பெரிய கம்பெனிகளுக்கு என்ன தயக்கம்? இன்டெல் தள்ளுபடி கொடுத்தது என்கிறார்கள். தள்ளுபடி எல்லாரும்தானே கொடுக்கிறார்கள், ஏஎம்டி அதைவிடக் குறைத்துக் கொடுத்திருக்கலாமே?

இன்னொன்று. ஐரோப்பிய யூனியனில் போட்டிச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஐரோப்பிய ஆணையம் 2009-ல் இன்டெல்லுக்குப் போட்ட அபராதத்தை 2022-ல் கோர்ட் ரத்து செய்துவிட்டது என்று படித்தேன். அப்படியென்றால் இன்டெல் மேல் தப்பே இல்லை என்று எடுத்துக்கொள்வதா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய8088

மலர், ஒரு சின்ன முன்கதை சொல்லிவிடுகிறேன், மற்றதை அடுத்து வருகிறவர்கள் சொல்லட்டும். ஏஎம்டி இந்த வரிசைக்குள் வந்ததே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி போட்ட நிபந்தனையால்தான். 1981-ல் ஐபிஎம் தன் பிசிக்கு இன்டெல் 8088-ஐ எடுத்தது. ஒரே ஆளை நம்பிச் சிப் வாங்க ஐபிஎம் தயாராக இல்லை. அதே சிப்பைச் செய்து தர இன்னொருவரும் வேண்டும் என்றது. அதையொட்டி 1982-ல் இன்டெல்லும் ஏஎம்டியும் ஒப்பந்தம் போட்டார்கள். இன்டெல்லின் 286 சிப் வரை வண்டி ஓடியது. அடுத்த சிப்பான 386 வந்தபோது இன்டெல் அதன் விவரங்களைத் தர மறுத்துவிட்டது. மத்தியஸ்தம், கோர்ட் என்று இழுத்து 1994-ல்தான் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் ஏஎம்டி பக்கம் தீர்ந்தது. அதற்குள் ஏஎம்டி தானே முயன்று 1991-ல் தன்னுடைய 386-ஐ இறக்கிவிட்டது.

அதே 1991-ல் இன்டெல் இன்னொரு வேலை செய்தது. ‘இன்டெல் இன்சைடு’ முத்திரையைத் தங்கள் விளம்பரத்தில் போடும் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு விளம்பரச் செலவில் ஒரு பங்கைக் கொடுக்க ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் விற்பதில் லாபம் மிகக் குறைவு. அந்தத் தொழிலில் விளம்பரத்துக்குப் பணம் வருகிறது என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? 1981-ல் சிப் கம்பெனிக்கு நிபந்தனை போட்டது கம்ப்யூட்டர் கம்பெனி. இருபது ஆண்டில் அது தலைகீழானது. என் பார்வையில் இந்த வழக்கின் வேர் அங்கேதான் இருக்கிறது.

கிரெடிட்நோட்

மலர், உங்கள் முதல் கேள்வியில்தான் மொத்த வழக்கும் இருக்கிறது. ‘அதைவிடக் குறைத்துக் கொடுத்திருக்கலாமே’ என்றீர்கள். ஏஎம்டி இலவசமாகவே கொடுத்துப் பார்த்தது. வாங்க முடியவில்லை. இதை விளக்கத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் 2000-களில் சென்னையில் கம்ப்யூட்டர் உதிரி பாகங்கள் விற்கும் ஒரு டிஸ்ட்ரிபியூட்டரிடம் கணக்குப் பார்த்தவன். ரிச்சி தெருக் கடைகளுக்குப் போகும் சரக்கின் பில், ஸ்கீம், கிரெடிட் நோட் (கம்பெனி பிறகு திருப்பித் தரும் பணத்துக்கான சீட்டு) எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். உங்கள் அண்ணன் ஏஎம்டி வாங்கியதில் ஆச்சரியமே இல்லை. ரிச்சி தெருக் கடைக்காரர் எந்தச் சிப் கம்பெனியோடும் ஒப்பந்தம் போட்டவர் இல்லை. இன்றைக்கு இரண்டு அத்லான், நாளைக்கு மூன்று பென்டியம் என்று தேவைக்கு எடுப்பார். அங்கே விலையும் வேகமும்தான் பேசும். அத்லான் எக்ஸ்பி காலத்தில் அந்தச் சிப்பின் நடுவில் இருந்த சிலிக்கான் துண்டுக்கு மேலே மூடி கிடையாது. ஹீட்சிங்க் கிளிப்பை ஸ்குரூ டிரைவர் வைத்து அழுத்தும்போது கை கொஞ்சம் சாய்ந்தால் ஓரம் உடைந்துவிடும். அப்படி மூலை உடைந்த சிப்பை வாரன்டியில் மாற்றித் தரச் சொல்லிக் கடைப்பையன்கள் கொண்டுவந்து நிற்பார்கள், அதற்கு வாரன்டி கிடையாது. அத்தனை தொல்லை இருந்தும் கடைக்காரர்கள் ஏஎம்டியை விடவில்லை, ஏனென்றால் வாடிக்கையாளர் கொடுத்த காசுக்கு அது கூடுதலாக வேலை செய்தது.

பெரிய கம்பெனி கதை வேறு. அங்கே பீஸ் விலை என்பது பேருக்குத்தான். காலாண்டு முடிவில் எவ்வளவு பணம் திரும்பி வருகிறது என்பதே உண்மையான விலை. எங்கள் தொழிலில் இதை ஸ்கீம் என்போம். அதில் இரண்டு வகை உண்டு. டார்கெட்டுக்கு மேலே வாங்கும் பீஸுக்கு மட்டும் தள்ளுபடி என்பது ஒரு வகை. டார்கெட்டைத் தொட்டுவிட்டால் முதல் பீஸிலிருந்தே தள்ளுபடி என்பது இன்னொன்று. கேட்க ஒரே மாதிரி இருக்கும். கணக்கில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

விளங்குவதற்காக நானே எண்களை வைத்துச் சொல்கிறேன். ஒரு கம்பெனிக்கு ஆண்டுக்கு 100 லட்சம் சிப் தேவை. பீஸ் 100 டாலர். பெரிய சிப் கம்பெனி சொல்கிறது: ‘உன் தேவையில் 95 சதவீதமாவது என்னிடம் எடு, மொத்தத்துக்கும் 10 சதவீதம் திருப்பித் தருகிறேன்.’ எல்லாவற்றையும் அவரிடமே எடுத்தால் 100 லட்சம் பீஸ், நிகரமாக 90 டாலர், மொத்தச் செலவு 90 கோடி டாலர். இப்போது சின்ன கம்பெனி வந்து 10 லட்சம் பீஸ் தருகிறேன் என்கிறது. சரி என்று எடுத்தால் பெரியவரிடம் வாங்குவது 90 லட்சமாகக் குறையும். 95 சதவீத வரம்பு உடைந்துவிட்டது, தள்ளுபடி முழுவதும் போயிற்று. அந்த 90 லட்சத்துக்கும் முழு விலை 100 டாலர். செலவு எவ்வளவு? அதே 90 கோடி டாலர்.

அதாவது அந்த 10 லட்சம் சிப்பையும் சின்ன கம்பெனி சும்மா கொடுத்தால்தான் வாங்குகிறவருக்கு நட்டம் இல்லை. ஒரு டாலர் விலை வைத்தாலும் நட்டம். பெரியவர் பீஸுக்கு 10 டாலர்தான் குறைத்தார். அதற்கு ஈடுகொடுக்க சின்னவர் 100 டாலர் குறைக்க வேண்டியிருக்கிறது.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 2002-ல் ஹெச்பியிடம் ஏஎம்டி 10 லட்சம் சிப்களை இலவசமாகத் தர முன்வந்தது. ஹெச்பி அதில் எடுத்தது 1.6 லட்சம்தான். 2005 ஜூனில் அமெரிக்காவின் டெலவேர் கோர்ட்டில் இன்டெல் மேல் ஏஎம்டி போட்ட வழக்கின் மனுவில் இது இருக்கிறது. 2009-ல் ஐரோப்பிய ஆணையமும், கம்பெனி பெயரைச் சொல்லாமல், இதே சம்பவத்தை எடுத்துச் சொன்னது: முழுவதையும் வாங்கியிருந்தால் பல லட்சம் இன்டெல் சிப்களுக்கு வர வேண்டிய தள்ளுபடியை அந்தக் கம்பெனி இழந்திருக்கும். சும்மா கொடுத்த சரக்கு மீதி 8.4 லட்சம் பீஸ் அப்படியே நின்றது. ஒரு கணக்குப்பிள்ளையாக இந்த வரியைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. திறமையான ஒரு சிப்பைப் பல ஆண்டு உழைத்துச் செய்தவர்களுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் என்ன இருக்க முடியும்?

ஹெச்பி விஷயத்தில் ஆணையம் கண்டது இது: 2002 நவம்பர் முதல் 2005 மே வரை, அலுவலகங்களுக்கு விற்கும் டெஸ்க்டாப்புகளில் 95 சதவீதம் இன்டெல் சிப்பாக இருக்க வேண்டும். அதற்கு இன்டெல் தந்தது முதல் ஆண்டுக்கு மட்டும் 13 கோடி டாலர். அந்த 95 சதவீத நிபந்தனை ஒப்பந்தத் தாளில் எழுதப்படவில்லை. எழுதாத நிபந்தனை என்பதன் பலம் எனக்கு நன்றாகத் தெரியும். பில் முழு விலைக்கு வந்துவிடும், தள்ளுபடி காலாண்டு முடிந்து கிரெடிட் நோட்டாகத்தான் வரும். வர வேண்டிய பணம் பாதிக்கு மேல் எதிராளி கையில் இருக்கும்போது, அவருக்குப் பிடிக்காத சரக்கைக் கடை முன்னால் அடுக்க யாருக்கும் தைரியம் வராது. நாங்கள் சரக்கெடுத்த ஒரு கம்பெனி (இந்தச் சிப் கம்பெனிகள் எதுவும் இல்லை) எங்கள் கிரெடிட் நோட்டை இரண்டு காலாண்டு நிறுத்தி வைத்தது. காரணம் கேட்டால் ‘மேலே பேசிக்கொண்டிருக்கிறோம்’ என்று மட்டும் சொன்னார்கள். போட்டிக் கம்பெனி சரக்கை எங்கள் முதலாளி குறைத்த மாதத்தில் நோட்டு வந்து சேர்ந்தது. ஒரு வரிகூட எழுத்தில் இல்லை.

டெல்லுக்கு வருகிறேன். டெல் சிப் வாங்கியது இன்டெல்லிடம் மட்டும்தான், அதற்காகவே வந்த பணமும் மிகப் பெரிது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமான எஸ்இசி 2010 ஜூலையில் டெல் மேல் போட்ட புகாரில் உள்ள எண்களைப் பாருங்கள். 2003 நிதியாண்டில் டெல்லின் செயல்பாட்டு லாபத்தில் 10 சதவீதத்துக்குச் சமமாக இருந்த இன்டெல் பணம், 2006 நிதியாண்டில் 38 சதவீதம் ஆனது. 2007 நிதியாண்டின் முதல் காலாண்டில், அதாவது 2006 மே வாக்கில் முடிந்த காலாண்டில், 76 சதவீதம். லாபத்தில் முக்கால் பங்கு இன்னொரு கம்பெனியின் கையில். 2006 மே மாதம் டெல் ஏஎம்டி சிப்பை எடுக்கப்போவதாக அறிவித்தது. இன்டெல் பணத்தைக் குறைத்தது. அடுத்த காலாண்டிலேயே டெல்லின் லாபம் சரிந்தது. அப்போது டெல் முதலீட்டாளர்களிடம் சொன்ன காரணம் வேறு: விலையை அதிகமாகக் குறைத்துவிட்டோம், உதிரி பாக விலை எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை என்றெல்லாம். மறைத்தார்கள் என்பதுதான் எஸ்இசி புகார். டெல் 10 கோடி டாலரும், மைக்கேல் டெல் தன் பங்குக்கு 40 லட்சம் டாலரும் கட்டி, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் முடித்துக்கொண்டார்கள்.

ஆக, ‘டெல்லுக்கு என்ன தயக்கம்’ என்ற கேள்விக்குப் பதில் அந்த 76-தான். சிப் நல்லதா கெட்டதா என்பது அங்கே இரண்டாம் பட்சம்.

ஐரோப்பாவில் கடைகளிலும் இது நடந்ததாக ஆணையம் சொன்னது. மீடியா மார்க்ட் கடைகளை நடத்தும் மீடியா சாட்டர்ன் குழுமம், 2002 அக்டோபர் முதல் 2007 டிசம்பர் வரை, இன்டெல் போட்ட கம்ப்யூட்டர்களை மட்டும் விற்கப் பணம் வாங்கியதாம். ஜப்பானில் 2004-ல் அதிகாரிகள் திடீர் சோதனை நடத்தினார்கள். ஃபுஜிட்சு, ஹிட்டாச்சி, என்இசி, சோனி, தோஷிபா ஆகிய ஐந்து கம்பெனிகள் சம்பந்தப்பட்ட விவகாரம் அது. அந்த ஐந்திலும் சேர்த்து ஏஎம்டிக்கும் இன்னொரு சிப் கம்பெனியான டிரான்ஸ்மெட்டாவுக்கும் இருந்த பங்கு 2002-ல் 24 சதவீதம் போல இருந்து, 2003-ல் 11 சதவீதமாக விழுந்ததாக ஜப்பான் ஆணையம் கண்டது. 2003 என்பது அத்லான் 64 வந்த ஆண்டு என்பதை மறக்காதீர்கள்.

வழக்கு_எண்

கிரெடிட்நோட் ஐயா சொன்ன கணக்கு சரியானது. ஆனால் நான் தொழில்முறை வக்கீல். சட்டம் அந்த இடத்தில் நின்றுவிடுவதில்லை என்பதையும் மலர் செமினாரில் சொல்லியாக வேண்டும்.

ஐயாவின் கணக்கில் ஒரு எண்ணை மட்டும் மாற்றிப் பார்ப்போம். வாங்குகிறவர் 10 லட்சத்துக்குப் பதில் 20 லட்சம் சிப்பைச் சின்ன கம்பெனிக்கு மாற்ற முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவரிடம் 80 லட்சம், முழு விலையில் 80 கோடி. 90 கோடியில் மீதி 10 கோடி டாலர். 20 லட்சம் சிப்புக்கு 10 கோடி என்றால் சின்னவர் பீஸுக்கு 50 டாலர் வைக்கலாம். 40 லட்சம் மாற்ற முடிந்தால் 75 டாலர். மாறாக 5 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே மட்டும்தான் மாற்ற முடியும் என்றால், சிப்பைச் சும்மா கொடுத்து மேலே கையிலிருந்தும் பணம் கொடுக்க வேண்டிவரும். ஆக, மொத்தத்தில் எவ்வளவு பங்கு உண்மையிலேயே போட்டிக்குத் திறந்திருந்தது என்பதை வைத்துத்தான் அது நியாயமான தள்ளுபடியா, கழுத்தை நெரிக்கும் தள்ளுபடியா என்று முடிவாகும். ஏஎம்டி அளவுக்குத் திறமையான ஒரு கம்பெனி அந்த விலையில் நட்டமில்லாமல் விற்க முடியுமா என்பதே சோதனை.

2009 மே 13-ம் தேதி ஆணையம் 106 கோடி யூரோ அபராதம் போட்டது. அந்தக் காலத்தில் இந்த வகை வழக்கில் அதுவரை இல்லாத தொகை. 2014-ல் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் அதை அப்படியே ஏற்றது. இப்படிப்பட்ட தள்ளுபடி இயல்பிலேயே தவறு, கணக்குப் போட்டுப் பார்க்கத் தேவையில்லை என்பது அதன் நிலை. 2017 செப்டம்பரில் மேல் நீதிமன்றம் அது போதாது என்றது. ஆணையமே கணக்குப் போட்டிருக்கிறது, அந்தக் கணக்கில் பிழை என்று இன்டெல் வாதாடுகிறது, அதைக் கேட்காமல் எப்படித் தீர்ப்பு சொல்வது என்று திருப்பி அனுப்பியது. 2022 ஜனவரியில் பொது நீதிமன்றம் கம்பெனி கம்பெனியாகக் கணக்கைப் பிரித்துப் பார்த்தது. திறந்திருந்த பங்கை ஆணையம் சரியாக நிரூபிக்கவில்லை, சில காலாண்டுகளின் எண்களை மற்றக் காலத்துக்கும் நீட்டிக்கொண்டது என்றெல்லாம் குறை கண்டு, தள்ளுபடி சம்பந்தமான பகுதியை ரத்து செய்தது. அபராதத்தில் எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாததால் அதுவும் முழுவதும் போயிற்று. ஆணையத்தின் மேல்முறையீடு 2024 அக்டோபரில் நிராகரிக்கப்பட்டது.

மலர், இங்கே கவனியுங்கள். கோர்ட் ‘இன்டெல் பணம் கொடுக்கவில்லை’ என்று சொல்லவில்லை. ‘அந்தப் பணம் போட்டியைக் கெடுக்கக்கூடியது என்று ஆணையம் காட்டவில்லை’ என்றுதான் சொன்னது. இரண்டும் வேறு வேறு.

அதைவிட முக்கியமாக, வழக்கில் இன்னொரு பகுதி நிலைத்து நின்றது. தள்ளுபடிக் கணக்கே தேவைப்படாத பகுதி அது. ஏசர் ஏஎம்டி சிப் போட்ட ஒரு நோட்புக்கை 2003 செப்டம்பரில் கொண்டுவர இருந்தது, அதை 2004 ஜனவரிக்குத் தள்ளிவைத்தது. லெனோவா 2006 ஜூனில் வர வேண்டிய நோட்புக்குகளை ஆண்டுக் கடைசிக்குத் தள்ளியது. ஹெச்பி, ஏஎம்டி போட்ட அலுவலக டெஸ்க்டாப்புகளைப் பெரிய நிறுவனங்களுக்குக் கொண்டுபோகாமல் சிறு, நடுத்தர நிறுவனங்கள், அரசு, கல்வி, மருத்துவம் என்ற வட்டத்துக்குள் நிறுத்திக்கொண்டது, டீலர்கள் வழியாகவும் விற்கவில்லை. இவற்றுக்கெல்லாம் இன்டெல் பணம் கொடுத்தது என்பதும் அது சட்டவிரோதம் என்பதும் 2022 தீர்ப்புக்குப் பிறகும் அப்படியே இருக்கின்றன. அதற்காக 2023 செப்டம்பரில் ஆணையம் தனியாக 37.6 கோடி யூரோ அபராதம் போட்டது. அதையும் எதிர்த்து இன்டெல் கோர்ட்டுக்குப் போனது.

இன்டெல் தரப்பின் வாதத்தையும் எழுதுங்கள். ஏஎம்டியிடம் அன்றைக்கு இருந்தது பெரும்பாலும் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆலை. டெல், ஹெச்பி எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டிருந்தால் கொடுக்கச் சரக்கு இருந்திருக்காது, தள்ளுபடியால் கடைசியில் கம்ப்யூட்டர் வாங்கும் மக்களுக்கு விலை குறைந்தது என்பது அவர்கள் கட்சி. இதில் முதல் பாதியில் எனக்கு உடன்பாடு உண்டு, இரண்டாவதில் இல்லை. போட்டிக் கம்பெனியின் நோட்புக்கைத் தாமதப்படுத்தக் கொடுத்த பணம் யாருக்கு என்ன விலையைக் குறைத்தது?

மலர்_கோவை

கிரெடிட்நோட் சார், வழக்கு_எண் சார், இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. 10 லட்சம், 20 லட்சம் கணக்கை நானே எக்செல்லில் போட்டுப் பார்த்தேன், படம் அப்படியே தெளிவாகிவிட்டது. இதையே செமினாரில் பலகையில் போடப் போகிறேன்.

ஒன்றே ஒன்று மிச்சம். எங்கள் வகுப்பில் ஒரு நண்பன் கேட்கிறான்: ‘இதெல்லாம் சரி, ஆனால் ஏஎம்டி சறுக்கியது இதனாலா? 2006-க்கு அப்புறம் அவர்கள் சிப்பே சரியில்லையே.’ அவனுக்கு என்ன பதில் சொல்வது?

கிரெடிட்நோட்

உங்கள் நண்பர் சொல்வதில் விஷயம் இருக்கிறது, தட்டிக்கழிக்க வேண்டாம். 2006 ஜூலையில் இன்டெல்லின் புதிய சிப்பான கோர் 2 வந்ததும் ஆட்டம் மாறிவிட்டது. அதே ஆண்டு ஏஎம்டி 540 கோடி டாலருக்கு, கிராபிக்ஸ் சிப் செய்யும் ஏடிஐ கம்பெனியை வாங்கிக் கடனில் சிக்கியது. 2011-ல் வந்த ஏஎம்டியின் புல்டோசர் சிப்பில் வேகமும் இல்லை, மின்சாரமும் அதிகம் தின்றது. இவையெல்லாம் அவர்கள் எடுத்த முடிவுகள், இன்டெல் மேல் போட முடியாது.

ஆனால் காலத்தைப் பாருங்கள். சிப் தொழிலில் ஒரு கம்பெனி முந்தியிருக்கும் காலம் சில ஆண்டுகள்தான். அந்த நேரத்தில் வரும் லாபத்தை வைத்துத்தான் அடுத்த ஆலை, அடுத்த டிசைன் எல்லாம். 2003 முதல் 2006 வரை ஏஎம்டி முந்தியிருந்தது, ஐரோப்பிய ஆணையம் எடுத்துக்கொண்ட தள்ளுபடிகளில் பெரும்பகுதியும் சரியாக அதே காலம். சர்வர் சந்தையில் வாங்குகிறவர்கள் வேகத்தையும் மின்சாரச் செலவையும் அளந்து பார்த்துக் கேட்டு வாங்குவார்கள். அங்கே ஆப்டெரான் 2006-ல் ஏறத்தாழ கால்வாசிப் பங்கைப் பிடித்தது. மூன்று ஆண்டு முன்னால் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாத இடம் அது. டெஸ்க்டாப்பிலும் நோட்புக்கிலும் வழி திறந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று யாராலும் எண் போட முடியாது. ஆனால் வந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விலையும் வேகமும் மட்டும் பேசிய ரிச்சி தெருவில் அந்தச் சிப் விற்றதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

பணம் வந்த நேரத்தையும் நண்பரிடம் சொல்லுங்கள். 2009 நவம்பரில் இன்டெல் ஏஎம்டிக்கு 125 கோடி டாலர் கொடுத்து வழக்குகளை முடித்துக்கொண்டது. போட்டிக் கம்பெனி சரக்கை வாங்காமல் இருக்கப் பணம் கொடுக்க மாட்டோம் என்றும் ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்கு முன்பே, 2009 மார்ச்சில், ஏஎம்டி தன் ஆலைகளைத் தனிக் கம்பெனியாகப் பிரித்து அபுதாபி முதலீட்டாளர்களிடம் கொடுத்துவிட்டது, இன்று அதன் பெயர் குளோபல்ஃபவுண்ட்ரீஸ். டிரெஸ்டன் ஆலையும் அதோடு போயிற்று. 2004-ல் வந்திருந்தால் ஆலையாக மாறியிருக்கக்கூடிய பணம், 2009-ல் கடன் அடைக்கும் பணமாகத்தான் வந்தது. கிரெடிட் நோட் தாமதமானால் சின்ன வியாபாரிக்கு என்ன ஆகும் என்று தெரிந்தவனாகச் சொல்கிறேன், இந்த ஐந்து ஆண்டு வித்தியாசத்தை எந்த வட்டி கொடுத்தும் ஈடுகட்ட முடியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சேர்த்துச் சொன்னால் உங்கள் செமினார் இன்னும் கனமாக இருக்கும். 2014 வாக்கில் டேப்லெட் கம்பெனிகள் தன் சிப்பை எடுக்க வேண்டும் என்று இன்டெல் ஏராளமான பணத்தை மானியமாகக் கொடுத்தது. 2014-ல் அதன் மொபைல் பிரிவுக்கு 420 கோடி டாலர் நட்டம். அங்கே பலிக்கவில்லை. ஏன் என்று யோசியுங்கள். கம்ப்யூட்டரில் டெல்லுக்கும் ஹெச்பிக்கும் இன்டெல்லிடம் வாங்கியே தீர வேண்டிய பெரும்பகுதி ஒன்று இருந்தது, தள்ளுபடியின் பிடி அந்தப் பகுதியில்தான். டேப்லெட் கம்பெனிக்கு இன்டெல்லிடம் கட்டாயமாக வாங்க வேண்டியது எதுவுமே இல்லை. டேப்லெட்டுக்குப் போடும் வேறு வகையான ஆர்ம் சிப்பை எத்தனையோ பேர் விற்றார்கள். அதனால் அங்கே இன்டெல் கொடுத்தது வெறும் பணமாகவே போய்விட்டது.

2017-ல் ஏஎம்டியின் ரைசன் சிப் வந்த பிறகும் நல்ல லேப்டாப்புகளில் ஏஎம்டி எட்டிப் பார்க்கச் சில ஆண்டுகள் பிடித்தன. அதற்குக் காரணம் வேறு: டிசைன் உதவி, சரக்கு கிடைக்கும் அளவு, மற்றவர்களுக்குச் சிப் செய்து தரும் தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் இடம் என்று பல. அதையும் இந்த வழக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லுங்கள். எக்செல்லில் இன்னொரு வரிசை சேர்த்து, 95 சதவீத வரம்பை 80 ஆக்கியும் பாருங்கள். ஜப்பானின் என்இசி மேல் இருந்த வரம்பு அதுதான் என்று ஐரோப்பிய ஆணையம் சொன்னது. 20 லட்சம் வரைக்கும் தள்ளுபடி போகாது, ஏஎம்டி சாதாரண விலையில் விற்கலாம். 21-வது லட்சத்தைத் தொட்டதும் என்ன ஆகிறது என்று பாருங்கள்.